திமிங்கலம் மூச்சு விட்ட பக்கம்

இலங்கைக்குப் போய்ப் படகேறித் திமிங்கலம் பார்க்க வேண்டும் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் ஆனதற்காக, பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் தானாகவே மூன்று பேருக்கும் டிக்கெட் போட்டுவிட்டாள். எனக்குத் தெரிந்த பெரிய தண்ணீரெல்லாம் கெலவரப்பள்ளி அணைதான், அதுவும் பாதி நாள் நுரை பொங்கிக் கிடக்கும். "கடலும் வேணாம் ஒண்ணும் வேணாம். அந்தக் காசுக்கு உங்கப்பாவை ஒரு காது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ" என்றேன். "ரெண்டும் பண்ணலாம்மா" என்றாள் மகள். ஒன்றுதான் நடந்தது.

என் வீட்டுக்காரர் ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பிரஸ் ஆபரேட்டர். இரும்புத் தகட்டை மெஷினில் வைத்தால் ஒரே அடியில் கார் கதவுக்கான பாகமாக வெளியே வரும், அந்த வேலை. பிள்ளை பிறப்பதற்கு முன்பே சேர்ந்தார். பிறந்த வீட்டில் தெலுங்கு, கம்பெனியில் கன்னடம், என்னிடம் தமிழ் என்று மூன்று பாஷை பேசுகிற மனுஷன். ஆனால் கொஞ்ச காலமாக மூன்றிலும் பதில் வருவதில்லை. அடுப்படியிலிருந்து பத்துத் தரம் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். "சாம்பாரா, கறிக்குழம்பா?" என்று கேட்டால் "ஆமா ஆமா" என்பார். டிவி சத்தத்துக்கு மாடிவீட்டுக்காரர்கள் இறங்கி வந்து சண்டை போட்டார்கள். டாக்டரிடம் போகலாம் என்று நான் வாயைத் திறந்தால் போதும், "எனக்கு ஒண்ணும் இல்ல, நீதான் முனகுற" என்று சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார்.

நானா முனகுகிறேன்! ரோஜாப் பண்ணையில் பேக்கிங் வேலை எனக்கு. ஷெட்டின் இந்த மூலையிலிருந்து கூப்பிட்டால் அந்த மூலையில் இருப்பவள் கத்திரிக்கோலைக் கீழே போட்டுவிடுவாள். பேரிகை கிராமத்து வயக்காட்டில் நின்று கத்திப் பேசியே வளர்ந்த தொண்டை இது.

உண்மையைச் சொல்கிறேன். காது போயிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வருத்தம் இருந்திருக்காது. காது நன்றாகத்தான் இருக்கிறது, என் பேச்சுத்தான் இந்த ஆளுக்குப் புளித்துப்போய்விட்டது என்று நினைத்து நினைத்து உள்ளுக்குள் வெந்துபோனேன். சில ராத்திரி, 'கடவுளே, காதுதான் போச்சுன்னு ஆகட்டும்' என்று வேண்டிக்கொண்டது உண்டு. அடுத்த நிமிஷமே, அடிப் பாவி, கட்டின புருஷனுக்கு என்ன வேண்டிக்கிறே என்று பயந்து கன்னத்தில் போட்டுக்கொள்வேன். எங்கள் தெருவில் பிரஸ் ஷாப்பில் வேலை பார்க்கிற இன்னொருத்தர் வீடு இருக்கிறது. அந்த வீட்டுக்காரருக்குக் காது மந்தம் என்று தெரிந்ததும் மெஷினை விட்டு இறக்கி, கேட்டில் வண்டி நம்பர் எழுத உட்கார வைத்துவிட்டார்கள். அதிலிருந்து அவர் தெருவில் யாரிடமும் நின்று பேசுவதில்லை. இவர் அதைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் வேலைக்குப் போனார்.

மிரிஸ்ஸா என்ற அந்தக் கடற்கரை ஊரில் இறங்கியதும் மனுஷன் மாறிவிட்டார். எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அங்கே சிங்களம். நானும் மகளும் அரைகுறை இங்கிலீஷை வைத்துக்கொண்டு திண்டாடினோம். இவரோ கையாலேயே எல்லாம் பேசினார். பிரஸ் ஷாப் சத்தத்தில் வாயால் பேசி ஒரு பிரயோஜனமும் இல்லை, ஆளுக்கு ஆள் கையால்தான் பேசிக்கொள்வார்கள். அந்தப் பழக்கம் அங்கே கைகொடுத்தது. செவ்விளநீர்க்காரரிடம் விரலை மடக்கியும் நீட்டியும் பேரம் பேசி, இரண்டு பேரும் தோளில் தட்டிச் சிரித்துக்கொண்டார்கள். யார் பேச்சும் யாருக்கும் புரியாத இடத்தில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. பார், நன்றாகத்தானே இருக்கிறார், வீட்டில்தான் நடிப்பு என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் விடியக்காலையில் படகேறினோம். வாந்தி வராமல் இருக்க மாத்திரையும் இஞ்சி பிஸ்கட்டும் கொடுத்தார்கள். ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டதில் நான் நெல் மூட்டை மாதிரி ஆகிவிட்டேன். கரை மறைந்து வெகுநேரம் வரை நீலத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. பயமாகவும் இருந்தது, தூக்கமாகவும் வந்தது. இவர் எழுந்து போய் வலது பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வீடியோ எடுப்பதற்காக போனைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். எங்களுக்கு விளக்கம் சொல்ல வந்த ஆளுக்குக் கொஞ்சம் தமிழ் வந்தது. "இப்ப இஞ்சினை நிப்பாட்டுவம். ஒருத்தரும் பேச வேணாம். கண்ணுக்கு முந்தி காதுக்குத்தான் வரும்" என்றார்.

இஞ்சின் நின்றது. நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் குடியிருக்கிறவள் நான், ராத்திரி பகல் லாரி ஓடும். அப்படி ஒரு அமைதியை என் ஆயுசில் கேட்டதில்லை. படகில் அழுதுகொண்டிருந்த ஒரு கைக்குழந்தைகூட வாயை மூடிக்கொண்டது.

அப்போது இடது பக்கம் ஒரு மூச்சு கேட்டது. அவ்வளவு பெரிய மூச்சு. நெஞ்சுக்குள்ளேயே வந்து இறங்கியது. படகில் இருந்த அத்தனை தலைகளும் ஒரே நேரத்தில் இடது பக்கம் திரும்பின. வெள்ளைக்காரர்கள், குழந்தைகள், படகுக்காரர்கள், என் மகள், நான். தூரத்தில் தென்னை உயரத்துக்குத் தண்ணீர்ப் புகை எழுந்து நின்றது. அதற்குக் கீழே கரும்பாறை போல ஒரு முதுகு உருண்டு உள்ளே போனது. சாமியைப் பார்த்ததுபோல எனக்குக் கை தானாகக் கூப்பிக்கொண்டது. இவரும் பார்த்தாரா என்று திரும்பினேன்.

அவர் வலது பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒன்றுமே இல்லாத தண்ணீரை அவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நடிப்பு இல்லை. என் பேச்சு புளித்துப்போகவும் இல்லை. இத்தனை நாள் சண்டைக்கு நடுக்கடலில் பதில் வந்துவிட்டது, நான் சொன்னதுதான் சரி. ஐயோ, அந்த ஜெயிப்பை எந்தக் குப்பையில் கொண்டுபோய்க் கொட்டுவேன்.

ஆட்கள் எல்லாம் இடது பக்கம் குவிந்ததில் படகு சாய்ந்தது. அது காலில் தெரிந்துதான் அவர் திரும்பினார். அதற்குள் புகை கலைந்துவிட்டது. கடலைப் பார்க்கவில்லை அவர், எங்கள் முகங்களைத்தான் ஒவ்வொன்றாகப் பார்த்தார். "ப்பா, கேட்டீங்களா? எப்படி மூச்சு விட்டுச்சு!" என்று மகள் கத்தினாள். "ஆமா ஆமா, சூப்பரு" என்றார். அவள் சந்தோஷமாகக் கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான் விடவில்லை. கம்பியைப் பிடித்துப் பிடித்துப் போய் அவரைப் பெஞ்சில் உட்கார வைத்தேன். என் முகத்தை அவர் முகத்துக்கு நேராக வைத்து, "கேட்டுச்சா?" என்றேன். வழக்கம்போல 'ஆமா' சொல்ல வாயெடுத்தவர் என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"இல்ல" என்றார். "கேக்கல."

கல்யாணமான நாளிலிருந்து அந்த மனுஷன் தோற்றுப்போன குரலில் பேசி நான் கேட்டதில்லை. அப்புறம் அவரே, "எப்பிடி இருந்துச்சு, அந்தச் சத்தம்?" என்று கேட்டார். எதைச் சொல்லிப் புரியவைப்பது என்று திணறினேன். சட்டென்று ஒன்று ஞாபகம் வந்தது. ஆயுத பூஜை அன்றைக்குக் குடும்பத்தோடு கம்பெனிக்குள் விடுவார்கள். ஒரு வருஷம், பொட்டு வைத்து மாலை போட்டிருந்த தன் மெஷினை எங்களுக்காக ஒரு அடி அடித்துக் காட்டினார். அடித்து முடித்ததும் அது காற்றைப் புஸ் என்று விட்டது. 'இந்தச் சத்தம் வந்தா மெஷின் நின்னுடுச்சுன்னு அர்த்தம். அதுக்கப்புறம்தான் உள்ள கையை விட்டுத் தகட்டை எடுக்கணும்' என்று மகளிடம் பெருமையாகச் சொன்னார்.

"உங்க மெஷினு அடிச்சு முடிச்சதும் காத்து விடுமே, புஸ்ஸுன்னு. அதே சத்தம்தாங்க. அதைவிட ரொம்பப் பெருசு" என்றேன்.

என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அதுவும் இப்பல்லாம் கேக்கறதில்ல" என்றார்.

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. "அப்போ எதை நம்பிக் கையை உள்ள விடறீங்க?" என்று அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினேன்.

"தரையில அதிர்வு அடங்கறது கால்ல தெரியும். சில நேரம் தெரியாது." கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பயந்துகிட்டேதான் விடறேன். தினமும்."

மறுபடி எல்லாரும் கத்தினார்கள். இந்த முறை வால் முழுசாகத் தெரிந்ததாம், பக்கத்திலேயே வந்ததாம். மகள் அப்புறம் போனில் காட்டினாள். நான் அப்போது திரும்பிப் பார்க்கவில்லை. அவருடைய இரண்டு கையையும் என் மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு விரலாகத் தடவிக்கொண்டிருந்தேன்.