பாட்டிலக்காவுக்கு ஜிங்க் வலப்பக்கம்

எங்கள் கல்லூரி வேதியியல் லேபில் அவரை எல்லாரும் பாட்டிலக்கா என்றுதான் கூப்பிடுவோம். பத்தொன்பது வருடமாக அட்டெண்டர். பாட்டிலும் பீக்கரும் கழுவிக் கழுவி விரல் ரேகையே தேய்ந்துவிட்டது. வருகைப் பதிவு மெஷின் மூன்று தடவை வைத்தால்தான் அவரை ஒப்புக்கொள்ளும். முட்டி வேறு போய்விட்டது. லேப் அசிஸ்டென்ட் ஆகிவிட்டால் ஒரு நாற்காலி கிடைக்கும். அதற்குப் பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலில் தேற வேண்டும். ஏற்கெனவே இரண்டு தடவை எழுதிக் கோட்டை விட்டாயிற்று. வயது வரம்பு இந்த வருடத்தோடு முடிகிறது.

இரண்டு தடவையும் காலை வாரியது மின்கலப் பாடம். அதனால் சமையலறைக் குழாய்க்கு மேலே ஒரு தாளை ஒட்டி வைத்திருந்தார்:

Zn | Zn²⁺ || Cu²⁺ | Cu

"என்னது இது, கோடு கோடா, ரயில்வே கேட் மாதிரி?" என்றார் கணவர். பஸ் டிரைவர். வேலை முடிந்து வந்து வெந்நீர் வாளிக்குள் காலை விட்டபடி உட்கார்ந்திருந்தார்.

"ஒத்தைக் கோடுன்னா தகடு கரைசலைத் தொடுற இடம். ரெட்டைக் கோடு, ரெண்டு பீக்கருக்கும் நடுவுல இருக்கிற உப்புப் பாலம். கரையிற ஜிங்க் இடப்பக்கம். காப்பர் வலப்பக்கம். வலப்பக்கத் தகட்டுக்குத்தான் சிவப்பு ஒயர்."

"இவ்வளவும் ஒரே வரியிலயா? உங்கம்மா இந்த மாதிரி சுருக்கமா பேசியிருந்தா எனக்குப் பாதி தலைவலி இருந்திருக்காது."

"வாயை மூடிக்கிட்டு கேள்வி கேளுங்க" என்றார் பாட்டிலக்கா. சிரிக்கக்கூடத் தெம்பில்லை.

தனித்தேர்வர்களுக்கான செய்முறைத் தேர்வு எங்கள் லேபிலேயே நடந்தது; கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கும் நானும் அதை எழுதினேன். முந்தின நாள் எல்லா மேசையையும் துடைத்து, கரைசல் கலக்கி வைத்ததும் அவரேதான். வேறு ஆள் கிடையாது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர், "கரண்ட் தரும் ஒரு மின்கலம் அமைத்து, குறியீடு எழுதி, வோல்ட் அளக்கவும்" என்று சீட்டு கொடுத்தார்.

இதை அவர் ஆயிரம் தடவை செய்திருப்பார், ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம், குழாய்த் தொட்டிப் பக்கம் நின்று. மாணவர்களுக்கு இடப்பக்கம் ஜிங்க் வர வேண்டுமென்றால், எதிரில் நிற்கும் அவருக்கு அது வலப்பக்கம். பத்தொன்பது வருடமும் ஜிங்க் பீக்கரை வலது கையால்தான் வைத்திருக்கிறார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக மாணவர்கள் நிற்கிற பக்கம் நின்றார். கைக்கு அது தெரியவில்லை. ஜிங்க் வலப்பக்கம் போய் உட்கார்ந்துவிட்டது. வலப்பக்கத் தகட்டுக்குச் சிவப்பு ஒயர் என்று மனப்பாடம் செய்தபடியே செருகினார்.

மீட்டர் காட்டியது: –1.09.

மாணவர்கள் இந்த இடத்தில் என்ன செய்வார்கள் என்று அவருக்குத் தெரியும். ஒயரை மாற்றிச் செருகி, மைனஸை விழுங்கிவிட்டு, புத்தகத்தில் இருப்பதை அப்படியே எழுதிவிடுவார்கள். அவருடைய கையும் ஒயர் வரைக்கும் போனது. பிறகு என்ன தோன்றியதோ, ஒயரைத் தொடாமல் கையை எடுத்துவிட்டார். மேசையில் இருந்ததை இருந்தபடி எழுதினார்: இடப்பக்கம் காப்பர், வலப்பக்கம் ஜிங்க், மைனஸ் ஒன்று புள்ளி பூஜ்யம் ஒன்பது.

தேர்வாளர் தாளைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். "எல்லாரும் ஜிங்க்ல ஆரம்பிச்சிருக்காங்க. நீங்க மட்டும் ஏம்மா தலைகீழா?"

"இடம் மாத்தி வெச்சுட்டேன் சார். நான் எப்பவும் அந்தப் பக்கம் நிக்கிறவ."

"சரி, மைனஸ்?"

"வெச்சது தலைகீழ்னா கணக்கும் தலைகீழாத்தானே சார் வரணும். ஜிங்க் எந்தப் பக்கம் இருந்தாலும் அதுதான் கரையும். எழுதின பக்கமா இது தானா ஓடாதுன்னுதான் மைனஸ் சொல்லுது."

தேர்வாளர் மேசையைச் சுற்றிக்கொண்டு தொட்டிப் பக்கம் போய் நின்று, ஒரு நிமிடம் அந்த இரண்டு பீக்கர்களையும் பார்த்தார். பக்கத்து மேசையில் நின்றிருந்த எனக்கும் அப்போதுதான் புரிந்தது: அங்கிருந்து பார்த்தால் ஜிங்க் இடப்பக்கம்.

முப்பதுக்கு இருபத்தெட்டு. கேட்டது கரண்ட் தரும் மின்கலம், எழுதியது எதிர்த்திசை என்று இரண்டு மார்க் போனது. நியாயம்தான். தேர்வு முடிந்ததும் எல்லாரும் கிளம்பிவிட்டோம். திரும்பிப் பார்த்தபோது, அவர் தன்னுடைய பீக்கரோடு எங்களுடையதையும் சேர்த்துத் தொட்டியில் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்.

தேறிவிட்டார். மூன்று மாதம் கழித்து உத்தரவு வந்தது. நாற்காலியும் வந்தது, சுழல்கிற நாற்காலி. உட்கார்ந்து முட்டியை நீட்டியபடி துறைத்தலைவரிடம் கேட்டார்: "இனிமே பாட்டில் கழுவுறது யாரு சார்?"

"புது ஆள் போடற வரைக்கும் கொஞ்சம் நீங்களே பாத்துக்கங்கம்மா."

பாட்டிலக்கா நாற்காலியைத் தொட்டிப் பக்கமாகத் திருப்பினார். உட்கார்ந்தபடி கழுவ எட்டுமா என்று கையை நீட்டிப் பார்த்தார். எட்டவில்லை. எழுந்தார்.