மூட்டைக்கு நாலு கடுகு

வேங்கடாசலம் சார் இறந்துபோன செய்தி எனக்கு அவர் வீட்டிலிருந்து வரவில்லை. அவரைக் கேலி செய்தவர்களிடமிருந்து வந்தது. காலையில் ஆரியசாலையில் கடை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பால் விடாத கட்டன்சாயா குடித்துக்கொண்டிருந்தேன். போன் சத்தம் போட்டது. எனக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. குரலில் வருவதை மட்டும் கேட்பேன். வந்தது, நான் இருந்த போன் குழுவை நடத்துகிற சுனிலின் குரல்.

"நம்ம புரொபசர் வேங்கடாசலம் சார் காலமாயிட்டாரு. கடைசி காலத்துல நம்ம உண்மையைச் சம்மதிச்ச பெரிய மனசுக்காரர். சாருக்கு நம்ம குழுவோட பிரணாமம்."

சாவையும் பொய்யையும் ஒரே மூச்சில் சொன்னான். சாயாவைக் கீழே ஊற்றிவிட்டு வலியசாலையில் சார் வீட்டுக்கு நடந்தேன்.

இந்தப் பக்கத்துச் சங்கத்தார் சாருக்கு நினைவு மலர் அச்சடிக்கிறார்கள், நீங்களும் நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று கேட்டார்கள். நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். "கோபத்தைக் கொஞ்சம் கொறச்சுச் சொல்லுங்க மாமா, இது அஞ்சலியில்லா" என்றாள். குறைக்க மாட்டேன். அழுகிற வேலையை அவரிடம் படித்த பிள்ளைகள் செய்யட்டும்.

சாரைத் தெரியாதவர்கள் இந்தப் பக்கத்தில் குறைவு. கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். வீட்டுச் சாமானை ஆள் அனுப்பி வாங்க மாட்டார், பையைத் தூக்கிக்கொண்டு அவரே வருவார். நான் மிளகு, மல்லி, கடுகு விற்கிற மலஞ்சரக்குக் கடையில் எடை போடுகிறவன். நாகர்கோவில் பக்கத்திலிருந்து சின்ன வயதில் இந்த மலையாள ஊருக்கு வந்து, இந்தத் தெருவிலேயே கிழவனானேன். எழுத்து இல்லாத குறைக்குக் கடவுள் காதைக் கொடுத்திருக்கிறார். ஒருமுறை கேட்டது மறக்காது. யார் எப்போது என்ன சொன்னார்கள் என்று முதலாளியே என்னிடம் கேட்டுக்கொள்வார்.

அந்தக் குழுவில் என்னைச் சேர்த்தது பக்கத்துக் கடைக்காரர். முதலில் எனக்கும் நன்றாகத்தான் இருந்தது. பூமி இழுக்கிறது என்பது பொய், புத்தகத்தில் இருப்பது எல்லாம் வெளிநாட்டுக்காரன் நம்மை ஏமாற்ற எழுதியது, விஞ்ஞானிகள் உண்மையை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று வாய்ஸ் வந்துகொண்டே இருக்கும். வேலை இல்லாத நேரத்தில் கேட்டுக்கொண்டிருப்பேன். ஒருநாள் சுனில் எங்கள் கடை வழக்கத்தையே எடுத்துப் பேசினான். "கிரகண நேரத்துல சாமானுங்களோட எடை குறையும். ஆரியசாலைல பழைய வியாபாரிங்க கிரகணத்துக்குத் தராசை மூடி வைப்பாங்க, அல்லே? எதுக்கு? அவங்களுக்குத் தெரியும். காலேஜ்ல படிச்சவங்களுக்குத்தான் அறியாது."

எங்கள் கடையில் மூடுவது உண்மைதான். முதலாளியின் அப்பா காலத்திலிருந்து, கிரகணம் பிடித்தால் தராசின் மேல் சாக்கைப் போட்டுவிடுவோம். விட்ட பிறகு தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் அடுத்த எடை. சார் சாமான் வாங்க வந்தபோது அவரிடம் கேட்டேன்.

"சாரே, கிரகணத்தண்ணைக்கு எடை கொறையுமாமே? நெசந்தானா?"

அவர் சிரிக்கவில்லை. "நீர் போட்டுப் பாத்திருக்கீரா ஓய்?"

"தராசை மூடி வச்சிருவோம்லா. எப்படிப் போட?"

"அப்போ உமக்கும் தெரியாது, உம்ம மொதலாளி அப்பாவுக்கும் தெரியாது, அந்தப் பையனுக்கும் தெரியாது. போட்டுப் பாக்காத ஆளையெல்லாம் சாட்சிக்குக் கூப்பிடறானே!"

பிறகு அவராகவே என் போனைக் கேட்டு வாங்கினார். என்னையும் இதில் சேர்க்கச் சொல்லும் என்றார். "எதுக்கு சாரே, இது கழிசடைக் கூட்டம்" என்றேன். "கேக்கறவாளுக்குப் பதில் சொல்லாம இருக்கப்படாது" என்றார்.

பதில் சொன்னார். எழுதவில்லை, எனக்காக எல்லாவற்றையும் குரலிலேயே சொன்னார். வீட்டுக்கு வந்த மாணவனுக்குச் சொல்வதுபோலச் சொன்னார். ஒரு கேள்விக்கு அவர் நிதானமாக விளக்கம் கொடுத்து முடிக்கும் முன்னால் வேறு நாலு கேள்வி வரும். பதில் பிடிக்காவிட்டால் கேள்வி மாறிவிடும். கேள்வி தீர்ந்துவிட்டால் ஏச்சு. "மாமா, பாடப்புத்தகத்தை மூடிட்டு வெளிய வாங்க" என்றான் ஒருவன். "பென்ஷன் தாறவனுக்கு விசுவாசம் காட்டுறாரு" என்றான் இன்னொருவன். இன்று நடக்கும் என்று சொன்னது நடக்காமல் போனால், மறுநாள் அந்த வாய்ஸே இருக்காது. அழித்துவிடுவார்கள். நான் இருந்தேன், என் காதில் இருந்தது. ஆனால் என்னை யார் கேட்டார்கள்?

சார் அவர்களிடம் திரும்பத் திரும்ப ஒன்றே ஒன்று கேட்டார். "எது நடந்தா நீங்க சொல்றது தப்புன்னு ஒத்துப்பேள்? அதை மட்டும் முதல்லயே சொல்லிடுங்கோ. நான் சொல்றது தப்புன்னு ஆகணும்னா என்ன நடக்கணும்னு நான் சொல்லிடறேன்." அவர் தம் பங்கைச் சொன்னார். அந்தக் கூட்டத்தில் ஒரு பயல், இன்றுவரை ஒரு பயல், தன் பங்கைச் சொல்லவில்லை.

கடைசியில் சூரிய கிரகணம் வந்தது. நேருக்கு நேர் போட்டுப் பார்க்கலாம் வாருங்கள் என்று சார்தான் கூப்பிட்டார். முதலாளியிடம் கேட்டு, அன்று மட்டும் தராசை மூடாமல் வைக்கச் சம்மதம் வாங்கினார். சுனில் கேமராக்காரனோடு வந்தான். சந்தனம் குங்குமம் எல்லாம் வைத்து ஒரு பித்தளைத் தட்டுத் தராசைக் கொண்டுவந்திருந்தான். ஒரு தட்டில் படிக்கல், மறு தட்டில் பச்சரிசி. கிரகணம் உச்சத்துக்கு வரும்போது அரிசித் தட்டு மேலே போகும் என்று கேமராவைப் பார்த்து முழங்கினான்.

சாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தம்பி, எடை குறைஞ்சா கல்லுக்கும் குறையும் அரிசிக்கும் குறையும். ரெண்டும் ஒண்ணாக் குறைஞ்சா தட்டு எப்படி அசையும்? நீ சொல்றது நெஜமாவே இருந்தாலும் இந்தத் தராசு காட்டிக்கொடுக்காதே. உன் கட்சியை நீயே தோக்கடிச்சுக்கறியே!"

சுற்றி நின்ற, மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்கள் விசிலடித்தார்கள். ஒருவன், "டேய், கல்லுக்கு மட்டும் கிரகணம் பிடிக்காதாடே?" என்று கேட்டான். சுனிலின் முகம் செத்துவிட்டது. அந்த முகத்தை நான் பார்த்தேன். பிறகு அவன் செய்தது எல்லாம் அந்த நிமிஷத்துக்காகத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

சார் எங்கள் கடை ஸ்பிரிங் தராசை உத்தரத்தில் தொங்கவிட்டு, அதில் ஒரு மல்லி மூட்டையை மாட்டச் சொன்னார். மாட்டியது நான். பிடிக்கும் முன்னே பார்த்தோம், உச்சத்தில் பார்த்தோம், விட்ட பிறகும் பார்த்தோம். முள் இருந்த இடத்தில் இருந்தது. "கடைல இரும்பு ஜாஸ்தி, அதான் சக்தி கலங்கிப் போச்சு" என்றான் சுனில். பிறகு கேமராவைச் சாரின் முகத்துக்கு நேரே கொண்டுபோய், ரொம்பப் பணிவாகக் கேட்டான். "சார், கடவுளுக்குப் பொதுவாச் சொல்லுங்க. கிரகண நேரத்துல எடை கொஞ்சம்கூடக் குறையாதா?"

சார் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "எடை குறையறது உண்டு. ஆனா அது கிரகணத்தாலே இல்லே. சூரியனும் சந்திரனும் சேந்து இழுக்கற ஒவ்வொரு அமாவாசைக்கும் உள்ளதுதான். அதுவும் எவ்வளவுன்னா, இந்த மூட்டைக்கு நாலு கடுகு. இந்தத் தராசுலே தெரியவே தெரியாது. கடல்லே தண்ணி மட்டம் ஏறி எறங்கறதே, அதே சமாசாரம். இதை யாரும் ஒளிச்சு வைக்கலே, நான் வருஷா வருஷம் கிளாஸ்லே சொல்லிக்கொடுத்தது." பக்கத்தில் திறந்திருந்த சாக்கிலிருந்து நாலு கடுகை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டவும் செய்தார்.

வெளியே வந்த வீடியோவில் "எடை குறையறது உண்டு" என்பதோடு சார் நின்றுவிட்டார். பின்னால் செண்டை மேளம்.

அன்று அவர்கள் போனதுமே நான் சாரைச் சத்தம் போட்டேன். வீடியோ வரும் முன்பே எனக்கு மனசில் ஒன்று தட்டியது. "அந்த நாலு கடுகை எதுக்கு சாரே சொன்னிய? முள்ளு அசையல்ல. ஒண்ணும் கொறையாதுன்னு அடிச்சுச் சொல்லிட்டுப் போயிருந்தா, அவன் வாலைச் சுருட்டிக்கிட்டு ஓடியிருப்பாம்லா?"

"இருக்கறதை இல்லேன்னு சொன்னா எனக்கும் அவனுக்கும் என்னங்காணும் வித்தியாசம்?" என்றார்.

அன்றைக்கு எனக்கு அவர் மேலும் கோபம்தான். படித்தவருக்குப் பிழைக்கத் தெரியவில்லையே என்று நினைத்தேன்.

வீடியோ பரவியது. கேலி செய்தவர்களைச் சார் தாங்கிக்கொண்டார். பாராட்ட வந்தவர்களைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். ஒருவர் பழத்தட்டோடு வந்து, "கடைசில நம்ம பெரியவா சொன்னதை நீங்களே ஒத்துண்டுட்டேளே, சந்தோஷம்" என்று கையைப் பிடித்தார். சார் அவரை உட்காரவைத்து முழுவதையும் முதலிலிருந்து சொன்னார். கேட்டு முடித்துவிட்டு அவர், "அதான், குறையறது உண்டுன்னு நீங்களே சொல்றேளே" என்றார். குழுவிலிருந்து சாரை எடுத்துவிட்டார்கள். என்னை எடுக்கவில்லை. ஒரு கிழவன் கிடப்பது அவர்கள் நினைவிலேயே இல்லை. சார் ஆரியசாலையில் கடை கடையாக ஏறி, அந்த வாக்கியத்தை முழுசாகச் சொல்லிக்கொண்டு போனார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். அவர் இறங்கியதும் வீடியோவை இன்னொரு தடவை போட்டுப் பார்த்தார்கள். இதை நான் கண்ணால் கண்டேன். கடைப் பேர் சொல்லட்டுமா? வேண்டாம், மருமகள் முறைக்கிறாள்.

அந்தக் கூட்டம்தான் அவரைக் கொன்றது என்று நான் சொல்ல மாட்டேன். சொல்ல நாக்கு துடிக்கிறது. ஆனால் அவர் இதயம் வெகுநாளாகவே பழுதாகி இருந்தது, மாத்திரை தின்றுகொண்டிருந்தார். அவர்கள் கொன்றார்கள் என்று நான் சொன்னால், சாரே எழுந்துவந்து, "அதுக்கு என்ன ஆதாரம் ஓய்?" என்று கேட்பார்.

சாவு வீட்டில் திண்டாடிப் போனேன். கூட்டத்தில் ஒருவர் இன்னொருவரிடம் மெதுவாக, "கடைசியில் சார் அவங்க பக்கம் சேர்ந்துட்டாராமே" என்றார். அது சாரின் மனைவி பார்வதி மாமியின் காதில் விழுந்தது. அடுத்த நாள் போனபோது மாமி என்னை உள்ளே கூப்பிட்டார்கள்.

"தங்கையா, நீர்தான் பக்கத்துலயே நின்னீர். அவர் அப்படி ஒரு வார்த்தை சொல்லவே இல்லேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிடும். உம்ம ஞாபகத்தை ஊரே நம்பும்."

அந்த அம்மாளுக்கு ஆமாம் என்று சொல்லிவிட்டிருந்தால் எவ்வளவு சுலபம்! என்னை யார் மறுத்துப் பேச முடியும்? அந்தப் பயல்கள் வெட்டியதற்கு நான் ஒட்டினால் என்ன தப்பு? வாய்வரை வந்தது. "சொன்னாரு மாமி" என்றேன். "ஆனா முழுசாச் சொன்னாரு. நான் முழுசாவே சொல்லுதேன்." மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இப்போதும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை.

அந்த வாரமே சுனில் கடைக்கு வந்தான். சாருக்கு அஞ்சலி வீடியோ போடுகிறானாம். "அண்ணாச்சி, சார் கடைசில சம்மதிச்சாருன்னு நீங்க ஒரு வாக்கு சொன்னா மதி, அது போதும்."

"சார் சொன்னதை முழுசாச் சொல்லுதேன். முழுசாப் போடுவியாடே?"

"நீளமாயிடும் அண்ணாச்சி. இப்பல்லாம் யாரும் அவ்வளவு நேரம் பாக்கமாட்டாங்க."

"செத்த மனுசனுக்கு அரை நிமிசம் இல்லையாடே உன்கிட்ட? எந்திரிச்சுப் போடே. நீ உக்காந்த இடத்தைக் கழுவித்தான் இனிமே யாவாரம்."

அவன் போனதும் போனை எடுத்து, குழுவில் சாரின் வாக்கியத்தை ஆதியோடு அந்தமாகச் சொல்லி அனுப்பினேன். வாய்ஸும் போயிற்று, நானும் வெளியே. எழுத்து தெரியாத நான் ஒருத்தியை உட்காரவைத்து இதை எழுத வைப்பது அதற்காகத்தான்.

சாரிடமிருந்து என்ன வைத்துக்கொண்டாய் என்று கேட்டால், கடையில் அடுத்த கிரகணத்துக்கும் தராசை மூட வேண்டாம் என்று முதலாளியிடம் சொல்லியிருக்கிறேன். அவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அது போகட்டும். இனிமேல் யாராவது, சார் அவர்கள் பக்கம் சேர்ந்துவிட்டாராமே என்று கேட்டால், ஆரியசாலையில் எங்கள் கடைக்கு அனுப்புங்கள். நான் இருக்கும்வரை சொல்லுவேன். வைதுகொண்டேதான் சொல்லுவேன். ஆனால் "உண்டு" என்று ஆரம்பித்து, நாலு கடுகையும் கையில் எடுத்து வைத்துத்தான் சொல்லுவேன்.