கணக்கில் சேராத பால்

தலைப்பிள்ளை பிறந்து ஐந்தாவது வாரம். பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போவதுதான் முறை. எங்களுக்கு அது தலைகீழாக நடந்தது. பண்ருட்டியில் வீட்டைப் பிரித்துப் போட்டிருந்ததால் அம்மாவும் அப்பாவும் நெய்வேலியில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்து தங்கியிருந்தார்கள். கணவர் ஷிஃப்டுக்குப் போயிருந்த ஒரு முற்பகலில் சென்னையிலிருந்து ஓர் ஆராய்ச்சிக்காரப் பெண் வந்தாள். தோளில் சின்ன ஐஸ் பெட்டி.

தாய்ப்பால் வேண்டுமாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல நாடுகளில் இப்படிச் சேகரிக்கிறார்கள் என்றாள். சில ரசாயனங்கள் இலேசில் அழியாது, காற்று, மண், மீன் என்று சுற்றிக் கடைசியில் மனிதக் கொழுப்பில் வந்து தங்கிவிடும், உலகத்தில் அது கூடுகிறதா குறைகிறதா என்று தாய்ப்பாலை வைத்துப் பார்க்கலாம் என்று விளக்கினாள். முதல் பிள்ளைக்காரிகளிடம் கொஞ்சம் கொஞ்சம் வாங்கி ஒன்றாகக் கலந்து சோதிப்பார்களாம். என் பாலும் உலகக் கணக்கில் சேரப்போகிறது என்றதும், உள்ளதைச் சொன்னால், எனக்குப் பெருமையாகவே இருந்தது.

படிவத்தை எடுத்துக் கேட்க ஆரம்பித்தாள். வாரத்தில் எத்தனை நாள் மீன்? பூச்சி மருந்து அடிப்பதுண்டா? அப்புறம், "வீட்ல யாராவது டிரான்ஸ்ஃபார்மர் ஆயில் புழங்கியிருக்காங்களா?"

பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்தார். மோட்டாரும் டிரான்ஸ்ஃபார்மரும் பழுதுபார்க்கும் பட்டறையில் காலம் தள்ளியவர்.

"புழங்காமயா? இது வளந்ததே அந்த எண்ணெயிலதாம்மா. பழச மாத்தும்போது ஒரு பாட்டில் வூட்டுக்கு எடுத்தாந்துடுவேன். முட்டி வலி, சுளுக்கு, எதுக்கும் அதான். இது ஸ்கூல்ல கோகோ ஆடிட்டு நொண்டிக்கினு வரும். நான்தான் கால் ரெண்டையும் நீவி வுடுவேன்."

பொய்யில்லை. எங்கள் தெருவே அந்த எண்ணெய்க்குக் கிண்ணத்தோடு வந்து நிற்கும். என் வாய் சும்மா இருக்குமா? "கதவுக்கும் அதத்தாங்க அடிப்போம், கரையான் கிட்டவே வராது" என்று நானும் சேர்த்துக்கொண்டேன்.

அவள் எழுதுவதை நிறுத்தினாள்.

"மன்னிச்சுக்குங்கக்கா. உங்க பால எடுக்க முடியாது. சாதாரணமா எல்லார் ஒடம்புலயும் எவ்வளவு இருக்குன்னுதான் பாக்கறோம். பழைய டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயில அந்த ரசாயனம் கலந்திருக்கலாம், நேரடியாப் பட்டவங்கள சேத்தா மொத்தக் கணக்கும் மாறிடும்."

"அப்ப என்னுத மட்டும் தனியா பாத்துச் சொல்லுங்க."

"தனியாப் பண்ண எங்களுக்கு அனுமதி இல்லக்கா. வெளியயும் யாரும் பண்ணித் தர மாட்டாங்க."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. யாருக்குத் தெரிய வேண்டுமோ அவளை விட்டுவிட்டு ஊர் உலகத்தையெல்லாம் அளப்பார்களா? சத்தம் போட்டேன். அவள் படிவத்தை மடித்தாள். அவளைச் சொல்லி என்ன பயன், சட்டம் அவள் போட்டதா?

"எல்லாப் பழைய எண்ணெயிலயும் அந்த ரசாயனம் இருக்காதுக்கா. உங்க வீட்டு எண்ணெயில இருந்துச்சா இல்லையான்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாது. ஆனா பால் மட்டும் நிறுத்திடாதீங்க. புள்ளைக்கு அதவிட நல்லது எதுவும் இல்ல."

அப்பா பேப்பரை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தார்.

"நல்லதுன்னு நெனச்சுத்தாம்மா தடவுனேன்" என்றார். "இருந்தா, அது ஒடம்ப வுட்டுப் போவவே போவாதுங்களா?"

அவள் என்னைப் பார்க்காமல் அவரிடம் சொன்னாள். "ரொம்ப வருஷம் தங்கும் சார். பால் குடுக்கறப்ப கொஞ்சம் கொஞ்சமா வெளிய வரும். முதல் புள்ளைக்குக் குடுக்கறப்பதான் அதிகமா வரும்."

அவள் போன பிறகு குழந்தை வீரிட்டது. அப்பா போய்த் தூக்கினார். வழக்கமாக, அழுதால் உடனே என் மடியில் போட்டுவிடுவார். அன்று தோளில் சாய்த்துக்கொண்டு ஹாலுக்கும் வாசலுக்குமாக நடந்தார். அழுகை ஏறிக்கொண்டே போனது. அடுப்படியிலிருந்து அம்மா, "பசிக்குது, குடுடி" என்று கத்தினாள். அம்மாவுக்கு நாங்கள் பேசியது ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

நான் எழுந்து வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்வது? மகள் சட்டென்று பற்றிக்கொண்டாள். அவள் உடம்பில் என் கை தடவிப் பார்த்த இடமெல்லாம் கொழுகொழுவென்று இருந்தது. நேற்றுவரை அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தவள் நான்.

குடித்து முடித்தபோது, கனத்துக் கிடந்த மார்பு இலேசாகியிருந்தது. என்னை விட்டுப் போனது எங்கே போயிருக்கிறது என்று தெரிந்துகொண்டே, அவள் வாயோரத்தைத் துடைத்துவிட்டு, அடுத்த பக்கம் மாற்றிப் போட்டேன்.