ஒன்பது ஆண்டுகள் ஹிஸ்டீரியா

முதலில் விழுந்தது இடது இமை. எங்கள் ஊரான லூனாஸிலிருந்து கூலிமுக்குத் தொழிற்சாலை பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்த காலம். மைக்ராஸ்கோப்பில் பார்த்து, பழுதான கணினி சிப்புகளைப் பிரித்து வைப்பது என் வேலை. மதியத்துக்குப் பிறகு ஒரு சிப் இரண்டாகத் தெரியும். தூக்கம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

சில வாரங்கள் கழித்து எங்கள் பிரிவில் இரண்டு பெண்கள் அலறி விழுந்தார்கள். ஹிஸ்டீரியா (மன அழுத்தம் உடல் வழியே வெளிப்படுவதற்கு வழங்கும் பழைய பெயர்) என்று சொல்லி எல்லாரையும் வெளியே அனுப்பினார்கள். படி இறங்கும்போது என் கால்கள் மடங்கின. நான் அலறவில்லை. ஆனாலும் மூன்றாவது ஆளாக என் பெயரையும் எழுதிக்கொண்டார்கள். கிளினிக் கோப்பிலும் அந்தச் சொல் ஏறியது.

அதன்பிறகு எதைச் சொன்னாலும் அந்தச் சொல்தான் முன்னால் வந்து நின்றது. சோறு தொண்டையில் நிற்கிறது என்றேன். பேசப் பேச நாக்கு குழறுகிறது என்றேன். மருத்துவர் கோப்பைப் பார்த்துவிட்டு, "வீட்டுல ஏதாச்சும் பிரச்சனையா?" என்று கேட்பார்.

வீட்டிலிருந்து கிளம்பும்போது என்னால் நிற்க முடியாது. கிளினிக்கில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். அந்த ஓய்விலேயே பலம் திரும்பிவிடும். மருத்துவர் சொன்னால் கை மேலே எழும், இமை திறந்திருக்கும். "நல்லாதானே இருக்கீங்க" என்பார். கார் வரை நடப்பதற்குள் இமை மறுபடி விழும்.

என் கணவர் செம்பனை (பாமாயில்) தோட்டத்தில் லோரி ஓட்டுகிறார். இரண்டு வருடம் என்னோடு அலைந்தார். பிறகு ஒருநாள், "டாக்டர் முன்னால நல்லா இருக்க. வீட்டுக்கு வந்தா விழுற. நான் என்னான்னு நினைக்கிறது, சொல்லு லா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். வேலையை விட்டேன். சொல்வதையும் விட்டேன். நானேதான் இப்படிச் செய்துகொள்கிறேனோ என்று சந்தேகம் வந்தது.

ஒன்பதாம் ஆண்டில், மகளின் பிறந்தநாளன்று கேக் தொண்டையில் சிக்கியது. குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வந்தது. மூச்சு ஏறவில்லை. மகள் கத்தினாள். "அம்மாவ விடும்மா, கொஞ்ச நேரத்துல சரியாயிரும்" என்றார் கணவர். பிறகுதான் என் உதட்டின் நிறத்தைப் பார்த்தார்.

கூலிம் ஆஸ்பத்திரியிலிருந்து அலோர் ஸ்டார் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மூச்சு நிலைப்பட்ட பிறகு இளம் பெண் மருத்துவர் ஒருவர் வந்தார்.

"அக்கா, மேல பாருங்க. நான் சொல்ற வரைக்கும் கண்ண எறக்காதீங்க."

ஒரு நிமிடம் ஆனது. அவ்வளவு நேரம் என் முகத்தை யாரும் பார்த்ததில்லை. இரண்டு இமைகளும் மெல்ல மூடின. கையுறையில் பனிக்கட்டியை நிரப்பி என் கண்மேல் வைத்தார். எடுத்தபோது இமை திறந்தது. கணவரைக் கூப்பிட்டுக் காட்டினார். "இத யாராலயும் நடிக்க முடியாது, அண்ணே."

ரத்தப் பரிசோதனை நோயின் பெயரைச் சொன்னது: மயஸ்தீனியா (நரம்பின் கட்டளை தசைக்குச் சரியாகப் போய்ச் சேராத நோய். உழைக்க உழைக்கத் தசை தளரும், ஓய்விலும் குளிரிலும் தேறும்).

ஹிஸ்டீரியா என்று எழுதப்பட்ட எல்லாருக்கும் இப்படி வேறு நோய் இருக்கும் என்று நான் சொல்லவில்லை. அன்று தொழிற்சாலையில் விழுந்த இருவரில் ஒருத்திக்கு இன்றும் கை கால் இழுக்கிறது. பரிசோதனையில் எதுவும் தெரியவில்லை. அவளும் நடிக்கவில்லை. உங்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். உடல் தளரும் நேரத்திலேயே கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள். மருத்துவர் முன் உட்காரும்போது அந்தத் தளர்ச்சி ஒளிந்துகொள்ளலாம்.

வீடு திரும்பும் வழியில் திக்காம் பத்து என்ற ஊரைத் தாண்டியதும் கணவர் காரை ஓரமாக நிறுத்தினார். "நான்கூட உன்ன நம்பலயே" என்றார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். நாக்கு தடித்துக் கிடந்தது. கோபத்தில் பேசாமல் இருக்கிறேன் என்று நினைத்து அழுதார்.

இப்போது என் ஒரு நாள் என்பது நான்கு மணி நேரம். ஒரு மாத்திரை அவ்வளவுதான் தாங்கும். காலை மாத்திரையில் சமைக்கிறேன். மதிய மாத்திரையில் குளித்துத் துணி மடிக்கிறேன். மருந்தின் பலம் குறைவது முதலில் தாடையில் தெரியும், அடுத்து கழுத்தில். இந்த உடலுக்குள்தான் இனியும் இருக்க வேண்டும்.

சாயங்கால மாத்திரை பேசுவதற்கு. கணவர் எதிரே வந்து உட்கார்ந்து, "இப்ப பேசலாமா?" என்று கேட்கிறார். சொல்லாமல் வைத்த ஒன்பது ஆண்டுகள் எனக்குள் இருக்கின்றன. பாதி வாக்கியத்தில் நாக்கு நின்றுவிடுகிறது. மீதியை அடுத்த மாத்திரைக்கு வைத்துக்கொள்கிறேன்.