சோனாங்குப்பத்து மிஸ்டு கால்

பேசிக்கொண்டிருந்த அழைப்பை முடித்துவிட்டுத்தான் ஜோதி மேரி அந்த மெமோவைப் பிரித்துப் பார்த்தாள். மார்ச் பதினேழாம் தேதி காலை ஒன்பதரை முதல் பத்து மணி வரை வந்த அழைப்புகளை எடுக்காமல் அலட்சியமாக இருந்தாளாம். பதினைந்து நாளில் விசாரணை. அவளுடைய விளக்கம் ஏற்கப்படாவிட்டால் வேலை போய்விடும்.

அது 2008ஆம் ஆண்டு. சுனாமிக்குப் பிறகு ஓர் அறக்கட்டளை, கிள்ளையிலிருந்து தேவனாம்பட்டினம் வரையிலான மீனவர் ஊர்களுக்காகச் சிதம்பரத்தில் ஒரு மாடியில் தகவல் மையம் நடத்தி வந்தது. காற்று எப்படி, அலை எப்படி, யார் கரைக்கு வந்தார்கள், யார் இன்னும் வரவில்லை என்பதெல்லாம் அங்கே போனில்தான் நடக்கும். கடலூர் முதுநகரிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து அந்தப் போனை எடுத்துப் பேசியவள் ஜோதி மேரி. ஜனவரியில் பழைய தொலைபேசியை எடுத்துவிட்டு, சென்னைக் கம்பெனி ஒன்றின் இன்டர்நெட் போன் பெட்டியை வைத்தார்கள். ஒரே நேரத்தில் எட்டு அழைப்புகளைத் தாங்கும் என்றார்கள்.

மார்ச் பதினேழாம் தேதி சோனாங்குப்பத்துத் தனக்கோடியின் கணவர் போன ஃபைபர் படகு நடுக்கடலில் இன்ஜின் நின்று மிதந்தது. செய்தி தெரிந்ததும் தனக்கோடி அரை மணி நேரம் மையத்துக்கு அடித்துப் பார்த்தாள். பிஸி. வேறு வழியாகச் சொல்லி ஆள் போய்ச் சேர மாலையாகிவிட்டது. அவர் உயிரோடு வந்தது அதிர்ஷ்டத்தால் அல்ல, பக்கத்தில் போன இன்னொரு படகுக்காரர் கயிறு கட்டி இழுத்து வைத்திருந்ததால்.

அந்த அரை மணி நேரமும் எடுத்துப் பேசுகிற அழைப்பு ஒன்றுகூடத் தன் மேசைப் போனுக்கு வரவில்லை என்று ஜோதி சொன்னாள். மேலாளர் பூவராகன் தலையை ஆட்டினார்.

"எட்டு லைனும் பிஸின்னு மெஷின் சொல்லுதும்மா. மெஷின் பொய் சொல்லுமா?"

"அப்ப நான் சொல்லுவனா சார்?"

அதற்கு அவரிடம் பரிகாரம் இருந்தது. பெட்டிக்கு எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினார். வாஸ்து பார்ப்பவர் ஒருவரை அழைத்து வந்தார். பெட்டி ஈசானிய மூலைக்குப் போனது. கோளாறு இருந்த இடத்திலேயே இருந்தது.

கம்பெனி தன் பங்குக்கு ஒரு கடிதம் அனுப்பியது. ‘எங்கள் கருவியில் குறையில்லை. படிப்பறிவற்ற பயனாளிகள் முறையாகப் பயன்படுத்தத் தெரியாமல் இருக்கிறார்கள்.’ கீழே சிவசங்கர் என்ற இன்ஜினியரின் கையெழுத்து. மெமோவைவிட இந்த வரிதான் ஜோதியைச் சுட்டது. அவளுடைய அப்பா முதுநகர்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அங்கே எது உடைந்தாலும், எது காணாமல் போனாலும், குற்றம் கைநாட்டு வைப்பவன் தலையில்தான் விழும். அதைப் பார்த்து வளர்ந்தவள் அவள்.

கடிதத்தோடு ஒரு சோதனை அறிக்கையும் இணைத்திருந்தார்கள். ஆயிரம் அழைப்புகள் சோதிக்கப்பட்டன, ஆயிரமும் வெற்றி. தாளின் அடியில், சோதித்த மென்பொருளின் பெயர் சிறிய எழுத்தில் இருந்தது: சிப்.

அன்று மாலை அண்ணாமலை நகரில் ஒரு பிரவுசிங் சென்டரில் அந்தப் பெயரைத் தேடினாள். போலிப் போன் அழைப்புகளை உண்டாக்கி, உண்மையான கருவியின் மீது ஏவிப் பார்க்கும் மென்பொருள் அது. யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். ஜோதி நம்பாமல் அந்தப் பக்கத்தை மறுபடி படித்தாள். முகம் தெரியாத சிலர் எங்கோ உட்கார்ந்து எழுதி, உலகத்துக்கே திறந்து வைத்திருந்தார்கள். நீ எந்த ஊர், யார் வீட்டுப் பெண், எந்தக் கல்லூரி என்று அது கேட்கவில்லை. டிப்ளமோ படித்த மூன்று வருடத்தில்கூட அவளை இவ்வளவு மரியாதையாக யாரும் உள்ளே விட்டதில்லை.

மையத்தின் பழைய கம்ப்யூட்டரில் அதை ஏற்றினாள். திரையில் ஒரு ஜன்னல் அழைக்க வேண்டும், இன்னொன்று எடுக்க வேண்டும். இரண்டு நாள் எதுவும் நகரவில்லை. அழைப்பு வந்துபோகும் வாசலான போர்ட் எண்ணை இரண்டுக்கும் ஒன்றாகவே கொடுத்திருந்தாள் என்பது மூன்றாம் நாள்தான் தெரிந்தது. எண்ணை மாற்றி என்டர் தட்டியதும் திரையில் எண்கள் ஓடத் தொடங்கின. வினாடிக்குப் பத்து அழைப்புகள். நட்சத்திரக் குறியைத் தட்டினால் இன்னும் பத்து. மறுபடி தட்டினாள், இன்னும் பத்து. அறையில் ஒரு மணியும் அடிக்கவில்லை. ஆனால் அவள் விரலுக்குக் கீழே ஓர் ஊரே போன் செய்துகொண்டிருந்தது.

அந்த அழைப்புகளுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க இன்னொரு இலவச மென்பொருள் கிடைத்தது. வயர்ஷார்க். நீல நிறத்தில் ஒரு சுறாத் துடுப்பு அதன் அடையாளம். அதைத் திறந்தவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். ஜனவரியிலிருந்து தன் காதில் விழுந்த ஒவ்வொரு குரலுக்கும் முன்னால் இவ்வளவு நடந்திருக்கிறது! ஓர் இயந்திரம் ‘அழைக்கிறேன்’ என்கிறது. மற்றது ‘முயல்கிறேன்’ என்கிறது, பிறகு ‘மணி அடிக்கிறது’ என்கிறது, பிறகு ‘சரி’. பேச்சு முடிந்ததும் ‘வருகிறேன்’ என்று ஒன்று சொல்ல, இன்னொன்று அதற்கும் ‘சரி’ சொல்கிறது. எல்லாம் படிக்கக்கூடிய எளிய ஆங்கிலச் சொற்கள். இதில் மந்திரமும் இல்லை, மூலையும் இல்லை. மனிதர் வகுத்த ஒழுங்கு, மனிதர் படித்தால் புரிகிற ஒழுங்கு. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

கம்பெனி தந்திருந்த மாற்றுப் பெட்டி ஒன்று பிரிக்கப்படாமல் கிடந்தது. பூவராகனிடம் கேட்டு அதை எடுத்துக்கொண்டாள். நூறு அழைப்புகள் விட்டாள், ஐந்நூறு விட்டாள், ஆயிரம் விட்டாள். அத்தனையும் வெற்றி. கம்பெனி சொன்னது சரிதான். விசாரணைக்கு ஐந்து நாள் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசைக்குப் போகாமல் சோனாங்குப்பத்துக்குப் போனாள். தனக்கோடி எப்படித்தான் போன் செய்கிறாள் என்று நேரில் பார்த்துவிட வேண்டும். ஒன்பது மணிக்கு மேல் படகுகள் வரிசையாகக் கரை ஏறின. ஒவ்வொரு படகும் மணலைத் தொட்டதும் ஒருத்தி இடுப்பிலிருந்து செல்போனை எடுத்தாள், இரண்டு மணி அடிக்கவிட்டாள், கட் செய்தாள், கூடையைத் தூக்கினாள். தனக்கோடியும் அப்படியே செய்தாள்.

"ரெண்டு அடிச்சதும் கட் பண்ணிடணும். படகு வந்துட்டுதுன்னு அர்த்தம். நீங்கதான சொல்லிக்குடுத்தீங்க?" என்றாள்.

ஆமாம், மையமே சொல்லிக் கொடுத்ததுதான். காசு போகாமல் தகவல் வர வேண்டுமென்று இரண்டு வருடத்துக்கு முன்பே செய்த ஏற்பாடு. திரையில் எண் தெரியும், ஜோதி பதிவேட்டில் டிக் அடிப்பாள். நாற்காலியில் உட்கார்ந்து ஆயிரக்கணக்கில் டிக் அடித்தவள், கரையில் நின்று பார்த்தபோதுதான் அது எவ்வளவு பெரிய பேச்சு என்று கண்டாள். பத்து நிமிடத்தில் முப்பது பெண்கள். இதே நேரத்தில் கிள்ளையிலும் பரங்கிப்பேட்டையிலும் இதே போல் எத்தனை பேர்? கம்பெனி சோதித்த ஆயிரம் அழைப்புகளில் ஒன்றுகூட இவர்களுடைய அழைப்பு மாதிரி இல்லை. அவை எல்லாவற்றையும் யாரோ எடுத்தார்கள், பேசினார்கள், வைத்தார்கள்.

மறுநாள் சிப்போடு வந்த மாதிரிக் கோப்பைத் திறந்து திருத்தினாள். அழை, மணி அடிக்கட்டும், எடுப்பதற்குள் ரத்து செய். அவ்வளவுதான். ஒரே ஓர் அழைப்பை ஏவினாள். ரத்துக்குப் பெட்டி ‘சரி’ என்றது. ஆனால் பெட்டியின் திரையில் முதல் லைன் இன்னும் பிஸியாகவே நின்றது. இரண்டாவது அழைப்பை விட்டாள். இரண்டு லைன் பிஸி. எட்டு விட்டாள். எட்டும் பிஸி. ஒன்பதாவதாக, உண்மையாகப் பேச வந்த அழைப்பைப் பெட்டி திருப்பி அனுப்பியது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி காத்திருந்தாள். சரியாக மூன்று நிமிடம் கழித்து முதல் லைன் விடுபட்டது. மறுபடி செய்தாள். அதே மூன்று நிமிடம். பதினேழு முறை செய்தாள். பதினேழு முறையும் உண்மை தன்னை மறைத்துக்கொள்ளவில்லை. கேட்கத் தெரிந்து கேட்டால் இயந்திரம் இவ்வளவு நேர்மையாகப் பதில் சொல்லுமா என்று கைகட்டி நின்று பார்த்தாள்.

விசாரணைக்குச் சென்னையிலிருந்து சிவசங்கர் வந்திருந்தான். அவளைவிடச் சின்னவன். தனக்கோடியும் வந்து நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்தாள். ஜோதி விளக்கம் எதுவும் எழுதித் தரவில்லை. விசைப்பலகையைச் சிவசங்கர் பக்கம் தள்ளி, அவனையே ஓட்டச் சொன்னாள். எட்டு லைனும் நிறைந்ததும், மேசைமேல் இருந்த போனை எடுத்து அந்தப் பெட்டிக்கு அடித்துப் பார்க்கும்படி பூவராகனிடம் சொன்னாள். அவர் காதில் வைத்தார். பிஸி என்றது. யார் மீதும் கோபப்பட முடியாத ஒருவர் போல ரிசீவரை மெதுவாக வைத்தார்.

சிவசங்கர் கோப்பைத் திறந்து வரி வரியாகப் படித்தான். "இத நாங்க டெஸ்ட் பண்ணவே இல்ல மேடம். எடுக்காத காலை எதுக்கு டெஸ்ட் பண்றதுன்னு விட்டுட்டோம்."

தனக்கோடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "படிக்காதவங்களுக்குப் போன் பண்ணத் தெரியலன்னு எழுதுனியாமே தம்பி. நாங்க ஒழுங்காத்தான் கட் பண்றோம். உன் பொட்டிக்குத்தான் வைக்கத் தெரியல."

பூவராகன் மெமோவை வாங்கிக் கிழிக்கப் போனார். ஜோதி கொடுக்கவில்லை. குற்றச்சாட்டு எழுத்தில் வந்தது, திரும்பப் பெறுவதும் எழுத்தில் வரட்டும் என்றாள். சிவசங்கரின் கடிதத்தில் இருந்த அந்த வரியையும் நீக்கி வேறு கடிதம் கேட்டாள். இரண்டும் அன்று மாலைக்குள் வந்தன.

பத்து நாளில் கம்பெனி திருத்திய மென்பொருளை அனுப்பியது. ஜோதி அதன்மேல் ஆயிரம் மிஸ்டு கால்களை ஏவினாள். ஒவ்வொன்றும் மணி அடித்து, ரத்தாகி, லைனை விட்டு நகர்ந்தது. ஆயிரமாவதும் போன பிறகு எட்டு லைனும் காலியாக நின்றன. இனி எல்லாக் கருவிகளுக்கும் இந்தச் சோதனையைச் செய்யப் போவதாகச் சொல்லி, சிவசங்கர் அவளுடைய கோப்பைக் கேட்டான். கோப்புக்கு என்ன பெயர் வைப்பது என்றான்.

ஜோதி யோசிக்கவில்லை. ‘சோனாங்குப்பம்’ என்று அடித்து அனுப்பினாள்.