கடலுக்குள் விழுந்த துறைமுகங்கள்

2004-இல் சிவகாசிப் பக்கம் ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்பு படித்தேன். புவியியலில் வரைபடக் கேள்விக்குப் பத்து மதிப்பெண். வேறு எதில் குறைந்தாலும் அந்தப் பத்து எனக்குத்தான் என்று திமிராகத் திரிந்தேன். காரணம் இருந்தது. திருத்தங்கலில் அச்சகத்தில் வேலை பார்த்த அப்பா, நோட்டுக்கு அட்டை போட வேஸ்ட் தாள் கொண்டுவருவார். அதில் பளபளவென்று ஓர் இந்திய வரைபடம் கிடைத்தது. சுவரில் ஒட்டி, கண்ணை மூடிக்கொண்டே ஊர்களைக் குறிக்கும் அளவுக்குப் பழகினேன்.

அரையாண்டு விடைத்தாள் கைக்கு வந்தது. வரைபடத்துக்குப் பூஜ்யம்.

திருத்தியதில்தான் தப்பு என்று டீச்சரிடம் சண்டைக்கே போனேன்.

“ஏலே, நல்லாப் பாரு. சென்னையும் தூத்துக்குடியும் கடலுக்குள்ள கெடக்கு. கொச்சி கரையை விட்டு உள்ள ஏறிக் கெடக்கு. எடம் தப்புனா அரை மார்க்கு கூடக் கெடையாது.”

உண்மைதான். எல்லா ஊர்களும் அரை விரல் கிழக்கே தள்ளி இருந்தன.

வீட்டில் விடைத்தாளைக் காட்டியதும், அப்பா சுவரில் இருந்த வரைபடத்தைப் பார்த்துத் தலையில் கை வைத்தார்.

“கலர் ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் வெலகிப் போச்சுலே. கம்பெனியில கழிச்சுப் போட்ட தாளு இது.”

“தப்பா அடிச்சதை எதுக்குப்பா கொண்டாந்தீக?”

“தப்பா அடிச்சதுனாலதானலே நம்ம வீட்டுக்கு வந்துச்சு!”

திரும்பிப் பார்த்தேன். எதிர்ச் சுவரில், அப்பா கொண்டுவந்த காலண்டரில் லட்சுமி சிரித்துக்கொண்டிருந்தாள். உதட்டுச் சிவப்பு உதட்டைத் தாண்டிக் கன்னத்தில் இருந்தது. லட்சுமி என்றால் அப்படித்தான் இருப்பாள் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.