பகையாளி கொடுத்த டீ

முப்பது வருஷம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தால் அந்த இடம் நமக்கே சொந்தமாகிவிடும் என்று மனதார நம்பினேன். என் வீட்டுச் சுவர்ப் பல்லிக்குக்கூட அப்படியொரு நம்பிக்கை இருந்திருக்காது. ஆனால் பல்லி சட்டம் படித்ததில்லை. நான் படித்திருந்தேன், முதல் அத்தியாயம் வரை.

என் பிழைப்பே முதல் அத்தியாயம்தான். தாம்பரத்தில் ஒரு டுடோரியலில், அஞ்சல் வழியில் படிக்கிறவர்களுக்கு அறிமுகப் பாடங்கள் எடுக்கிறேன். பொருளாதாரம் என்றால் என்ன, சமூகம் என்றால் என்ன, சொத்து என்றால் என்ன. எல்லாவற்றிலும் ‘என்றால் என்ன’ வரைக்கும் எனக்குத் தெரியும். அதற்கு மேல் கேட்கிற மாணவனை, "அது அடுத்த வருஷம்ப்பா" என்று உட்கார வைத்துவிடுவேன்.

வீடு பள்ளிக்கரணையைத் தாண்டி, ஓர் ஏரியை ஒட்டிய தெருவில் இருந்தது. அப்பா வெறும் முத்திரைத்தாளில் எழுதி வாங்கிய மனை. பட்டா கிடையாது; அரசாங்கக் கணக்கில் அது ஏரிப் புறம்போக்கு. தெருவில் யாரிடமும் பட்டா இல்லாததால் அது ஒரு குறையாகவே தெரியவில்லை, எல்லாருக்கும் வழுக்கை விழுந்த வீட்டில் சீப்பு இல்லாதது மாதிரி. வீட்டு வரி கட்டினோம். கரண்ட் வந்தது. ரேஷன் கார்டிலும் அந்த விலாசம்தான்.

ஒரு நாள் காலையில் கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். ஆக்கிரமிப்பை அகற்றிக்கொள்ள வேண்டும். கெடுவுக்குள் சம்மதம் எழுதிக் கொடுப்பவர்களுக்கு அரசு வாரியக் குடியிருப்பில் மாற்று வீடு. படித்ததும் கழிப்பறைக்கு ஓடினேன். இந்தக் கழிப்பறையும் ஆக்கிரமிப்புதானே என்பது உள்ளே உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. வந்ததும் நின்றுவிட்டது.

"எழுதிக் குடுத்துட்டுப் போயிடலாங்க" என்றாள் மனைவி. "சின்ன வீடா இருந்தாலும் நம்மள யாரும் கெளப்ப மாட்டாங்க."

"சட்டம் தெரியாமப் பேசாதே" என்றேன், தெரிந்தவன்.

பாடப்புத்தகத்தைப் புரட்டினேன். இருந்தது! அரசாங்க நிலமே ஆனாலும், ஒருவன் முப்பது வருஷம் விடாமல், வெளிப்படையாக, உரிமையாளருக்குப் பகையாக அனுபவித்து வந்தால், அதைத் திரும்பக் கேட்கும் உரிமை போய்விடும். எதிரிடை அனுபவம் என்று பெயர். அப்பா காலத்தையும் சேர்த்தால் வருஷம் சரி. வெளிப்படையும் சரி, மொட்டை மாடித் தண்ணீர் டேங்க் பிரதான சாலையிலிருந்தே தெரியும். பகை மட்டும்தான் கொஞ்சம் குறைந்தது. எனக்கு யாரையும் பகைத்துப் பழக்கமில்லை. பஸ்ஸில் என் காலை மிதித்தவரிடம் நான்தான் ஸாரி சொல்வேன்.

இருந்தாலும் குடும்பத்துக்காகப் பகைப்பது என்று முடிவு செய்தேன். அளவெடுக்க ஒருவர் வந்தார். வாசலில் நின்று கத்தினேன்: "யாரைக் கேட்டு உள்ள வந்தீங்க? இது என் இடம்! உங்க கவர்மென்ட்டுக்கு இங்க ஒரு பிடி மண்ணு கிடையாது!"

அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "சரி சார், கத்துங்க. இந்த டேப்போட முனையைக் கொஞ்சம் புடிச்சுக்கிறீங்களா? கூட வர்ற ஆள் இன்னிக்கு லீவு."

பிடித்தேன். சுவரோடு ஒட்டி, நேராகப் பிடித்தேன். முடிந்ததும் வாய் தானாகக் கேட்டது: "டீ சாப்பிடுறீங்களா சார்? சக்கரை போடலாமா?"

பக்கத்து வீட்டு அக்கா, மீன் விற்கிறவர், கூடையைக் கழுவிக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்தார். "இன்னா வாத்தியாரே, சண்டை போட்டுகினே டீ குடுக்கறே? உன்ன மாதிரி எதிரி கெடச்சா நானும் நாலு பேர வெச்சிப்பேனே!"

"இது சட்ட நுணுக்கம்க்கா."

"இன்னாவோ போ. நா எய்திக் குடுத்துட்டேன். மூணாவது மாடியாம். கூடையத் தூக்கிகினு ஏறி எறங்கணும். பேஜாருதான். ஆனா கதவு கீது, பூட்டு கீது."

நான் எழுதிக் கொடுக்கவில்லை. மாறாக, சமையலறைக்குப் புது டைல்ஸ் போட்டேன். காலையில் வகுப்பில், மூழ்கிப்போன செலவைத் துரத்திக்கொண்டு மேலும் செலவு செய்யக் கூடாது என்று பாடம். மாலையில் கொத்தனாருக்கு சிமென்ட் வாங்க ஓட்டம்.

"இடிக்கப்போற வீட்டுக்கு எதுக்குங்க டைல்ஸ்?"

"அனுபவிக்கறோம்னு காட்டணும்."

"நீங்க அனுபவிங்க. நான் பாத்திரத்த மூட்டை கட்டறேன்."

பிறகுதான், வழக்குப் போட, நானும் மனைவியும் தாம்பரம் கோர்ட் பக்கம் ஒரு வக்கீலைப் பார்க்கப் போனோம். என் வாதத்தைக் குறுக்கிடாமல் கேட்டார். கேட்டுவிட்டு, "பட்டா வேணும்னு எப்பவாவது மனு குடுத்திருக்கீங்களா?" என்றார்.

எனக்குப் பெருமையாக இருந்தது. எங்கள் தெருவின் வழக்கமே அதுதான். வருஷத்தில் ஏதாவது ஒரு திங்கட்கிழமை, வேன் பிடித்து, புளிசாதம் கட்டிக்கொண்டு, கலெக்டர் ஆபீஸ் குறைதீர்ப்பு நாளுக்குப் போவோம். மனுவின் வாசகம் நான் எழுதியது. ‘தங்களுக்குச் சொந்தமான இடத்தில் குடியிருந்து வரும் ஏழைகளாகிய எங்களுக்குப் பட்டா வழங்கிட வேண்டுகிறோம்.’ ‘தங்களுக்குச் சொந்தமான’ என்பதை மரியாதைக்காகச் சேர்த்தவனும் நானே. வாங்கிக்கொண்டதற்கான ரசீதுகளையெல்லாம் லேமினேட் செய்து வைத்திருந்தேன். மேஜைமேல் பரப்பினேன்.

வக்கீல் ஒன்றை எடுத்துப் படித்தார். "பகையா அனுபவிச்சேன்னு சொல்றீங்க. வருஷா வருஷம் போய், நிலம் உங்களுதுதான், எனக்குக் குடுங்கன்னு கேட்டிருக்கீங்களே சார்."

"தெருவே கேட்டுது சார்."

"தெருவே ஒத்துக்கிச்சு. அதில்லாம இது ஏரி. நீர்நிலைக்கெல்லாம் இந்த வாதத்தைக் கோர்ட் ஏத்துக்கறதில்ல. ஃபைல் பண்ணச் சொன்னா பண்றேன். நிக்காது." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "மாற்று வீட்டுக்கு எழுதிக் குடுத்துட்டீங்கல்ல?" என்றார்.

நான் ரசீதுகளை ஒவ்வொன்றாகத் திரும்ப அடுக்க ஆரம்பித்தேன். மனைவிதான் பதில் சொன்னாள். "இல்ல சார். எழுதிக் குடுத்தா அவங்க நிலம்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்னு இவர் சொன்னார்."

கெடு அதற்கு முந்தைய வாரமே முடிந்திருந்தது. அங்கிருந்து நேரே தாலுகா ஆபீஸுக்குப் போய்ச் சம்மதக் கடிதத்தை நீட்டினேன், வாங்க மறுத்துவிட்டார்கள். அந்த மாதமே தெரு முழுவதையும் இடித்தார்கள். எழுதிக் கொடுத்தவர்களுக்கு வீடு கிடைத்தது. எங்களுக்குக் கிடைக்கவில்லை. அஸ்தினாபுரத்தில் வாடகைக்கு இருக்கிறோம்.